தாயைக் காட்டுங்க, குட்டியை வாங்குறேன்!



"ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போறே?" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். "நாயைப் பத்தி" என்றேன். "வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கு, தண்ணிப் பஞ்சம் இருக்கு, இவரு நாயைப் பத்தி எழுதுறாராம்!" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் நம் விடுதியில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதிகமாகச் சண்டை நடப்பது எதைப் பற்றி? முதலில் கிரிக்கெட், அடுத்தது அரியர், மூன்றாவது நாய்தான்.

அந்தச் சண்டையில் மூன்று கட்சிகள் உண்டு. "முதல் மாசச் சம்பளத்துல ஒரு லேப் குட்டி வாங்கிடணும்டா" என்பது ஒரு கட்சி. "காசு குடுத்து நாய் வாங்குறவன் மனுஷனே இல்ல. தெருவுல கெடக்குறதை எடுத்து வளர்த்தா கொறைஞ்சா போயிடுவே?" என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி கொஞ்சம் அமைதியானது. வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மூன்று பெட்டை நாய்களை வைத்து, குட்டி போட வைத்து, போனிலேயே படம் அனுப்பி விற்று, அந்தக் காசில் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறவர்கள். நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

இந்த மூன்று கட்சிக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியும் என்று நான் நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மில் என்றால் நமக்குத் தெரியாதா?

நாய்க்குட்டிகளை மொத்தமாக உற்பத்தி செய்து விற்கும் இடத்தை வெளிநாட்டில் 'பப்பி மில்' என்கிறார்கள். மில் என்றால் என்னவென்று கோயம்புத்தூர், ராஜபாளையம் பக்கத்து நண்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பஞ்சு உள்ளே போகும், நூல் வெளியே வரும். ஷிப்டு மாறும், மெஷின் மட்டும் நிற்காது. நின்றால் முதலாளிக்கு நஷ்டம். நாய்க்குட்டி மில்லிலும் இதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம், அங்கே மெஷின் என்பது உயிருள்ள ஒரு தாய் நாய்.

இந்த வியாபாரம் பெரிய அளவில் கிளம்பியது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மத்திய மேற்கு மாநிலங்களில் விவசாயத்தில் வருமானம் போதாத குடும்பங்கள் பல நாய்க்குட்டி வளர்ப்பில் இறங்கின. சோளம் மாதிரி, கோழி மாதிரி அதுவும் ஒரு பணப்பயிர் ஆனது. கோழி இருந்த கூண்டுகளிலேயே நாய்களை அடைத்தவர்கள் உண்டு. கம்பி வலைத் தரை, மழை வெயிலுக்கு மறைப்பு கிடையாது, நடக்க இடம் கிடையாது.

நம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் லேத்துக்குக்கூட எண்ணெய் விட ஒரு நேரம், துடைத்து வைக்க ஒரு நேரம் உண்டு. பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், பிரேக்டவுன் மெயின்டனன்ஸ் என்று இரண்டு மார்க் கேள்வியாகவே அதைப் படிக்கிறோம். மில்லில் கிடக்கும் தாய் நாய்க்கு இரண்டுமே கிடையாது. ஓடுகிற வரைக்கும் ஓட்டுவது, நின்று போனால் தூக்கிப் போடுவது. அவ்வளவுதான்.

லூசி என்று ஒரு நாய்

2013ஆம் ஆண்டு, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இப்படிப்பட்ட ஒரு மில்லிலிருந்து ஒரு பெட்டை நாய் மீட்கப்பட்டது. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற சிறிய ஜாதி. பெயர் லூசி. குட்டி போட்டுப் போட்டு உடம்பு ஓய்ந்து போனது. நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாத கூண்டில் கிடந்து கிடந்து இடுப்பு எலும்புகள் இறுகி, முதுகு வளைந்து போயிருந்தது. வலிப்பு நோயும் சேர்ந்துகொண்டது. ஒரு அம்மையார் அவளைத் தத்தெடுத்து வளர்த்தார். 2016இல் லூசி இறந்து போனாள்.

ஆனால் அவள் பெயரில் ஒரு சட்டமே வந்தது. மார்க் ஆபிரகாம் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பலனாக, 2020 ஏப்ரல் 6ஆம் தேதி இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்: ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகர், கடைக்காரர் யாரும் வியாபாரமாக விற்கக் கூடாது. வேண்டுமானால் வளர்த்தவரிடமே நேராகப் போய், தாயோடு குட்டி இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் இருக்கும் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். ஆயிரம் இன்ஸ்பெக்டர்களை நியமித்து ஒவ்வொரு ஷெட்டாகச் சோதனை போடுவதைவிட, வாங்க வருகிறவனையே இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டார்கள். மில் நடத்துகிறவன் எதை வேண்டுமானாலும் காட்டுவான். குட்டியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கூடையில் வைத்துக் காட்டுவான். தாயை மட்டும் காட்ட மாட்டான். காட்டவே முடியாது. ஏனென்றால் தாயைப் பார்த்தால் வியாபாரம் படுத்துவிடும்.

சட்டம் போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2010இல் மக்களே ஓட்டுப் போட்டு, ஒரு ஆள் 50 இனப்பெருக்க நாய்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மறு வருஷமே அந்த மாநிலச் சட்டமன்றம் அந்த 50 என்ற வரம்பை எடுத்துவிட்டது. காசு இருக்கிற இடத்தில் சட்டம் வளையும். வாங்குகிறவன் வளையாமல் இருந்தால்தான் உண்டு.

ஒரு சின்ன எஸ்டிமேட்

எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் படிக்கிறவர்கள் நாம். கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம். பெட்டை நாய்க்கு சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பெரும்பாலும் ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். கணக்குக்காக ஒரு ஈத்துக்கு 6 குட்டி, ஒரு குட்டி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஈத்துக்கு 48,000. பருவம் தவறாமல் இணை சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு ஈத்து, 96,000. இப்படிப் பத்து தாய் இருந்தால் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம்! "கேட்கவே நல்லா இருக்கே மச்சி" என்று தோன்றும்.

இப்போது செலவுப் பக்கம் வாருங்கள். சினை நாய்க்குச் சத்தான தீனி, டாக்டர், ஸ்கேன். பெரிய ஜாதி நாய்க்கு இடுப்பு எலும்பு சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே. ஒவ்வொரு குட்டிக்கும் பூச்சி மருந்து, தடுப்பூசி, எட்டு வாரத்துக்குத் தீனி. விற்காமல் தங்கிவிடும் குட்டிக்கு ஆயுசுக்கும் சோறு. வயசான தாய்க்கு ஓய்வு காலம். இவ்வளவையும் நியாயமாகப் போட்டால், வருஷத்துக்கு ஒரு ஈத்து எடுக்கிறவன் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அப்படியென்றால் மில்காரனுக்கு மட்டும் லாபம் எங்கிருந்து வருகிறது? இந்தச் செலவுகளை ஒவ்வொன்றாக வெட்டினால் வருகிறது. வெட்டிய செலவு மாயமாகிவிடாது நண்பர்களே. அதைத் தாய் தன் உடம்பால் கட்டுகிறாள். மிச்சத்தை வாங்கியவன் ஆஸ்பத்திரியில் கட்டுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை குட்டி, வியாழக்கிழமை குழி

எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகனுடைய பிறந்த நாளுக்காக ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு குட்டி வாங்கி வந்தார். "ஒன்றரை மாசக் குட்டி, ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். புதன்கிழமை வாந்தி. ராத்திரி ரத்தமாகப் பேதி. வியாழக்கிழமை தோட்டத்தில் குழி வெட்டினோம். அந்தப் பையன் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. விற்றவரின் போன் எடுக்கப்படவே இல்லை.

இது பார்வோ என்ற வைரஸ் நோய். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். அதாவது வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் படுத்த குட்டி, அநேகமாக விற்ற இடத்திலேயே கிருமியோடுதான் இருந்திருக்கும். "நீங்க பார்த்துக்கலை" என்று விற்றவர் சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பு சக்தி குட்டிக்குக் கொஞ்ச காலம்தான் காவல். ஆறு வாரத்திலிருந்து பதினாறு வாரத்துக்குள் அது படிப்படியாக இறங்கிவிடும். அது இருக்கிற வரைக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது, இறங்கிய பிறகு ஊசி இல்லாமல் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடச் சொல்கிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு, இனி கவலையில்ல" என்பது வியாபாரப் பேச்சு.

எட்டு வாரம் தாயோடு இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் பருவம். கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது வீல் என்று கத்தும். விளையாட்டு நின்றுவிடும். "ஓகோ, இவ்வளவு அழுத்தக் கூடாது போல" என்று அப்போதுதான் பாடம் படிக்கும். இருபத்தைந்து நாளில் பிரித்து இருட்டுக் கூண்டில் போட்ட குட்டி இந்தப் பாடத்தைப் படிப்பதே இல்லை. வளர்ந்த பிறகு எதைப் பார்த்தாலும் பயம். பயந்த நாய்தான் நண்பர்களே, கடிக்கும்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா?

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகளை வெளியிட்டது. அதில் சொல்லியிருப்பதைக் கொஞ்சம் பாருங்கள்:

1. விற்பதற்காக நாய் வளர்க்கும் எவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். இடைத்தரகருக்கும் இது பொருந்தும்.
2. பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகும் முன் இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது.
3. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது.
4. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.
5. தடுப்பூசி, மைக்ரோசிப், பதிவேடு எல்லாம் வேண்டும்.

மொட்டை மாடி நண்பர்கள் முதல் விதியை இன்னொரு முறை படிக்கவும். "நான் என்ன பெரிய பண்ணையா வச்சிருக்கேன், ரெண்டே ரெண்டு நாய்தான்" என்பது சட்டத்துக்கு முன்னால் செல்லாது. விற்பதற்காகக் குட்டி எடுத்தால் அவர் 'பிரீடர்'தான்.

அப்படியும் ஏன் இந்த வியாபாரம் அடங்கவில்லை? ஒரு காரணம் சொல்கிறேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் வந்தது. ஒரு மிருகத்தை வதைத்தால் முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! ஒரு குட்டியை எட்டாயிரத்துக்கு விற்கிறவன் ஐம்பது ரூபாய்க்கா பயப்படுவான்? நம் கேன்டீனில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும்.

"பேப்பர் இருக்குங்க" என்று சிலர் சொல்வார்கள். கென்னல் கிளப் பதிவைத்தான் பேப்பர் என்கிறார்கள். இந்தக் குட்டியின் அப்பன் யார், ஆத்தா யார், எந்த வம்சம் என்பதற்கு அது பதிவு. அந்த ஆத்தா எப்படி வைக்கப்பட்டிருக்கிறாள், சோறு கிடைக்கிறதா, எத்தனையாவது ஈத்து என்பதற்கெல்லாம் அது சாட்சி ஆகாது. அதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லா வளர்ப்பாளரும் வில்லனா?

இல்லை. இங்கேதான் நான் இரண்டாவது கட்சி நண்பர்களோடு வேறுபடுகிறேன். "குட்டி போட வைக்கிறவன் எல்லாரும் பாவி" என்று ஒரே கோட்டில் நிறுத்தினால், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்ற நம் நாட்டு இனங்கள் என்ன ஆகும்?

ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இந்த நான்கு இனங்களின் பெயரும் நாடு முழுக்க ஒலித்தன. இதெல்லாம் பெருமைதான். ஆனால் பெருமை மட்டும் இனத்தைக் காப்பாற்றாது. சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலை விரட்டிய நாய். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு வேலை இல்லை. வேலை போன இனம் மெல்ல மெல்லக் குறையும். தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாக அதை வைத்துக் காப்பாற்றும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் இருக்கின்றன. அவர்களை மில்காரனோடு சேர்த்துத் திட்டுவது அநியாயம்.

ஆனால் அந்த இனத்துக்குள்ளும் நல்லவர், கெட்டவர் உண்டு. ராஜபாளையத்தின் பால் வெள்ளை நிறத்துக்காகவே மோகம் பிடித்து, அண்ணன் தங்கை என்றுகூடப் பார்க்காமல் இணை சேர்த்தால், காது கேளாத குட்டிகள் பிறக்கும் ஆபத்து உண்டு. நல்ல வளர்ப்பாளர் காதைச் சோதிப்பார். கேட்காத குட்டியை மறைத்து விற்க மாட்டார். குறையோடு பிறந்த வம்சத்தில் மறுபடி இணை சேர்க்க மாட்டார். "உங்க வீட்டுல இடம் இருக்கா? பகல்ல யாரு பார்த்துப்பா?" என்று வாங்குகிறவனையே குறுக்கு விசாரணை செய்வார். சரியில்லையென்று தோன்றினால், "உங்களுக்குக் குட்டி கிடையாது, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். மில்காரன் உங்களிடம் கேட்கும் ஒரே கேள்வி, "பணம் ரொக்கமா, போன்லயா?" என்பதுதான்.

மறுபக்கம் இன்னொரு கூத்து. 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக் நாயை நம் அண்ணன் அக்காக்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பக் வேண்டும் என்றாகிவிட்டது. தேவை கூடினால் மில் ஓடும். ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். பக் நாய்க்கு மூக்கே கிடையாது என்று சொல்லலாம், அவ்வளவு சப்பை. வேலூர் வெயிலில் அது மூச்சு விடவே போராடுகிறது. நாம் "குறட்டை விடுது பாரு, எவ்ளோ க்யூட்!" என்கிறோம். பனியில் வண்டி இழுக்கும் ஹஸ்கியை மே மாதத்தில் ஏ.சி. அறையில் பூட்டி வைக்கிறோம். ரேடியேட்டர் இல்லாத எஞ்சினைக் கத்திரி வெயிலில் ஓட்டுகிற மாதிரிதான் இது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு முதலான 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எப்படிப் போனாலும், நாம் வாங்காமல் இருப்பதற்கு எந்தக் கோர்ட்டும் தடை போடப் போவதில்லை.

தத்து: பேச்சு சுலபம், செயல்?

இனி தத்தெடுப்பதற்கு வருவோம். சென்னை மாநகரில் 2018இல் எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024இல் எடுத்த கணக்கில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். நாய்க்குப் பஞ்சமே இல்லாத ஊரில் புதிதாக உற்பத்தி செய்ய மில் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தெருநாயைத் தவிர, வாங்கி வளர்த்துவிட்டு, "வீடு மாத்துறோம்", "குழந்தை பிறக்கப் போகுது" என்று காரணம் சொல்லிக் கைவிடப்பட்ட ஜாதி நாய்களும் காப்பகங்களில் இருக்கின்றன. குட்டி போட்டு ஓய்ந்ததும் ரோட்டோரம் அவிழ்த்துவிடப்பட்ட தாய்களும் இருக்கிறார்கள்.

இது நம் கல்லூரிக்கே நெருங்கி வந்துவிட்ட விஷயம். 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்பது அதன் சாரம். நம் விடுதி மெஸ் வாசலில் படுத்திருக்கும் மணியும், அதன் கூட்டாளிகள் இரண்டும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

நாய்க்கடியை நான் லேசாகப் பேச மாட்டேன். வெறிநோய் வந்துவிட்டால் ஏறக்குறைய பிழைக்க வழியே இல்லை. உலகத்தில் வெறிநோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் குழந்தைகள் அதிகம். ஆகவே "நாய் பாவம், விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆனால் மணிக்குத் தினமும் பரோட்டா போட்டு, செல்ஃபி எடுத்து, 'எங்க ஹாஸ்டல் ஹீரோ' என்று ஸ்டேட்டஸ் வைத்த நாம் 300 பேர் இருக்கிறோமே, வண்டி வந்து அதை ஏற்றும் நாளில் "இது என் நாய், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்ல ஒருத்தர் உண்டா? கேள்வி அங்கேதான் இருக்கிறது. சோறு போடுவது அன்பு. பொறுப்பு எடுப்பது வளர்ப்பு. இரண்டும் வேறு வேறு.

தத்தெடுப்பது சினிமாவில் வருகிற மாதிரி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட நாய் முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். துடைப்பத்தைத் தூக்கினால் நடுங்கும். செருப்பைக் கடிக்கும். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகும். ஊசி, கருத்தடை, லைசென்ஸ் எல்லாம் நம் பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கோர்ஸ் முடிந்து ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று வேலைக்குப் போய் ஒரே அறையில் ஐந்து பேர் தங்கும்போது நாயை எங்கே வைப்பீர்கள்? வீட்டில் அம்மா ஒத்துக்கொண்டார்களா? இதற்குப் பதில் இல்லாமல் தத்தெடுக்கக் கூடாது. தத்தெடுத்துவிட்டு மறுபடி தெருவில் விடுவது முதலில் விட்டவன் செய்ததைவிட மோசம். முடியாது என்றால் முடியாது என்று சொல்வதும் ஒரு நேர்மைதான்.

சில கேள்விகளுக்குப் பதில்

"பாவம்னுதான் அந்த அழுக்குக் கடையிலேர்ந்து குட்டியை வாங்கினேன், காப்பாத்தினேன்ல?" என்பார்கள். காப்பாற்றியது ஒரு குட்டியை. ஆர்டர் கொடுத்தது அடுத்த ஈத்துக்கு. நீங்கள் கொடுத்த காசு, "இந்த மாடலுக்கு மார்க்கெட் இருக்கு" என்று அவனுக்குச் சொல்கிறது. கொடுமையைப் பார்த்தால் புகார் கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

"நாட்டு நாய்க்கு என்ன மதிப்பு?" என்பார்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடம்பு அதற்கு. தனியாக ஏ.சி. கேட்காது. மதிப்பு என்பது விலைச்சீட்டு என்றால், நம்மையும் கேம்பஸ் இன்டர்வியூவில் அப்படித்தானே எடை போடுவார்கள்? அப்போது மட்டும் நமக்குக் கோபம் வருகிறதே!

"நான் குட்டி வித்துதாங்க ஃபீஸ் கட்டுறேன், என் வயித்துல அடிக்காதீங்க" என்பார் மொட்டை மாடி நண்பர். அவருக்கு நான் கோபமாகப் பதில் சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றே ஒன்று சொல்வேன்: பதிவு செய்யுங்கள், வருஷத்துக்கு ஒரு ஈத்தோடு நிறுத்துங்கள், எட்டு வாரம் முடியாமல் விற்காதீர்கள், வருகிறவனுக்குத் தாயைக் காட்டுங்கள். இந்த நான்கும் முடிந்தால் தலை நிமிர்ந்து செய்யுங்கள். "அப்படிச் செஞ்சா கட்டுப்படியாகாது" என்றால், இதுவரை கட்டுப்படியானது யாருடைய உடம்பில் என்று யோசியுங்கள்.

முடிவாக

சண்டை உண்மையில் வாங்குகிறவனுக்கும் தத்தெடுக்கிறவனுக்கும் நடுவில் இல்லை. தாயைக் காட்டத் தயங்காத வளர்ப்பாளரும், தாயோடு தெருவில் கிடக்கும் குட்டியைத் தூக்கி வருகிறவரும் ஒரே பக்கம். தாயை மறைக்கிறவன்தான் எதிர்ப்பக்கம். இது புரிந்துவிட்டால் விடுதிச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாய் வேண்டும் என்று தோன்றினால் முதலில் காப்பகத்துக்குப் போங்கள், உங்கள் தெருவைப் பாருங்கள். குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்றால் பஸ் ஏறி வளர்ப்பாளர் வீட்டுக்கே போங்கள். பஸ் ஸ்டாண்டுக்குக் கூடையில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். போன இடத்தில் இந்த ஐந்தையும் கேளுங்கள்: தாய் எங்கே? இது எத்தனையாவது ஈத்து? குட்டிக்கு எத்தனை வாரம்? டாக்டர் கையெழுத்துப் போட்ட ஊசிச் சீட்டு எங்கே? பதிவு எண் என்ன? ஐந்தில் ஒன்றுக்கு மழுப்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நம் பேரவை ரத்ததான முகாம் நடத்துகிறது, மரக்கன்று நடுகிறது. வரும் ஆண்டில் கால்நடை மருத்துவரை அழைத்து ஒரு வெறிநோய்த் தடுப்பூசி முகாமும், மணிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் வீடு தேடித் தரும் ஒரு தத்து நாளும் நடத்தலாமே? மூன்று நாய்க்கு மூன்று வீடு. 300 பேரால் முடியாதா என்ன?

குட்டியின் முகம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். தாயின் முகத்தைப் பார்த்து முடிவு எடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்